முஃபீதாவின் சாலை அட்டவணை

மேலப்பாளையத்து முஃபீதாவுக்குக் கண் பரிசோதனை வேனில் வேலை. திருநெல்வேலியில் இருக்கும் மருத்துவர், வேனில் அமர்ந்திருக்கும் நோயாளியின் கண்ணைக் காணொளியில் பார்ப்பார். அந்த இணைப்பு அறுபடாமல் காப்பது அவள் பொறுப்பு. வேனில் இரண்டு சிம்கள். ஒரே இணைப்பை இரு வழிகளிலும் செலுத்த வேன் கணினியின் இயங்குதளத்துக்குத் தெரியும். எந்த வழியைத் திறப்பது, எதை மூடுவது என்ற முடிவை மட்டும் அது முஃபீதா எழுதிய நிரலிடம் விட்டிருந்தது.

அதற்காக அவள் திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வரை பதினொரு முறை பேருந்தில் சென்று, நிறுத்தம் வாரியாக இரு சிம்களின் வேகத்தையும் குறித்தாள். குலசேகரன்பட்டினத்துக்கு நேரே, “இரண்டாவது மந்தம், மூடுக” என்று எழுதினாள். மந்தமான வழி திறந்திருந்தால், விரைவான வழியில் வந்த படமும் அதற்காகக் காத்துக்கிடக்கும்.

குலசேகரன்பட்டினம் தசராவின் பத்தாம் நாள் முற்பகல், காளி வேடமிட்ட மந்திரமூர்த்தி சிவந்த கண்ணோடு வேனில் ஏறினார். முகச்சாயம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது.

“நாப்பத்தொரு நாள் விரதம், தாயி. நெல்லைக்கு வான்னு மட்டும் சொல்லிராதீய. ராத்திரி சூரசம்காரம் இருக்கு.”

மருத்துவர் பார்க்கத் தொடங்கியதும் படம் உறைந்தது.

ஓட்டுநர் வன்னியராஜ் எட்டிப் பார்த்தார். “எம்மா, நீ எழுதுனது ஊரு சும்மா கெடந்த நாள்ல. இன்னைக்கு அம்புட்டுப் பேரும் போனைத் தூக்கிப் படம் புடிக்கானுவ. காளிக்கே கவரேஜ் இல்ல!”

“நீரு சும்மா இரும்வே,” என்றார் மந்திரமூர்த்தி, ஒற்றைக் கண்ணால் முறைத்து.

முஃபீதாவுக்கு உறைத்தது. பதினொரு பயணங்களில் ஒன்றுகூடத் திருவிழா நாளில் இல்லை. பலரும் பயன்படுத்தும் நிறுவனத்தின் முதல் சிம் நெரிசலில் திணற, ஆளில்லாத இரண்டாவதை அவள் நிரலே மூடி வைத்திருந்தது. அட்டவணையைப் படிக்கும் வரியை நீக்கினாள். இரு வழிகளையும் திறந்து, அந்த நொடியில் விரைவானதை முதன்மையாகவும் மற்றதைத் துணைக்கு மட்டும் வைக்கும்படியும் மாற்றினாள். நிரலை நிறுத்தி மீண்டும் ஓட்டியபோதும் அழைப்பு அறுபடவில்லை. அதை இயங்குதளம் பிடித்திருந்தது. உறைந்த படம் அசைந்தது.

“கீறல் ஒண்ணும் இல்ல,” என்றார் மருத்துவர். “சாயந்தான் எரிக்குது. கழுவிட்டுச் சொட்டு மருந்து விடுங்க. கண்ணச் சுத்தி மட்டும் சாயம் வேண்டாம்.”

“சாயம் இல்லாம என்ன காளி?”

“என் கருப்புக் கண்ணாடிய வேணும்னா தாரேன்வே,” என்றார் வன்னியராஜ்.

அடுத்த நோயாளி ஏறுவதற்குள் முஃபீதா, நிரல் இனிப் படிக்காத அந்த அட்டவணையில் தன் குறிப்புக்காக ‘நாள்’ என்றொரு பத்தியைச் சேர்த்து, முதல் வரியில் ‘தசரா’ என்று பதிந்தாள். வெளியே, கண்ணைச் சுற்றி மட்டும் சாயமில்லாத காளி கூட்டத்துக்குள் காணிக்கை கேட்டு நடந்துகொண்டிருந்தாள்.