நூறாம் நம்பர் சட்டை

வரக்காப்பொல தையல் கடை வாசலில் எங்கள் தேயிலைக் கொழுந்து லொறி நிற்கிறது. இரண்டு மணிக்குக் கொழும்பில் தேசிய லீக் ஆட்டம். அரநாயக்கத் தோட்டத்துக் கூடைப்பந்துப் பெண்கள் சட்டைகளில் தைத்துக்கொண்டு வந்திருப்பது செக்ரோல் நம்பர்களை. சம்பளப் பதிவில் உள்ள மூன்று இலக்க எண்தான் தோட்டத்தில் ஒருவருக்கு நம்பர். லீக் விதி இரண்டு இலக்கத்துக்கு மேல் அனுமதிக்காது. மாற்றுச் சட்டை வாங்க கிளப்புக்கு வழியில்லை. விதிப்புத்தகம் மட்டும் என் பையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற தோட்ட ஆபீஸ் கிளார்க்குக்கு வேறு நகை ஏது?

டெய்லர் பிளேடால் முதல் இலக்கங்களைப் பிரிக்கிறார். இருநூற்றுப் பத்தாக இருந்த செல்வி பத்தாகிறாள். மிஞ்சுவது கேப்டன் சசிகலாவின் நூறு.

"கடைசி சைபர எடுத்தா பத்துங்க. அது அந்தப் புள்ளைக்குப் போயிருச்சு. ஒன்ன எடுத்தா வெறும் ரெண்டு சைபர்," என்கிறார் டெய்லர்.

"அப்ப நா வெளாட முடியாதா சார்?" சசிகலா என் பக்கம் திரும்புகிறாள்.

புத்தகத்தைப் புரட்டி உரக்க வாசிக்கிறேன். இரட்டைச் சைபர் செல்லும்.

"சைபர் அக்கா, ஏறுங்க!" லொறியே குலுங்குகிறது. டெய்லரும் கைதட்டுகிறார். முப்பது வருடம் விதி வாசித்து ஆட்களைத் திருப்பி அனுப்பியவன் நான். கைதட்டு வாங்குவது இன்றுதான்.