இரட்டை மரை வின்ச்

கியருக்குப் பல் வெட்டும் பட்டறையில் வேலை என்பதால் அவளுக்குப் பல்லுக்காரி என்றே பேராகிவிட்டது. புருஷன் வாயில் ஆடுகிற பல்லைப் பிடுங்க மட்டும் துப்பில்லை என்று நாத்தனார் கேலி செய்வாள். வேலையில் கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம்தான்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் கவளத்தை எடுத்தவளுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வந்தது. புருஷன் வெல்டிங் வேலை பார்க்கும் கொட்டகையில் பாரம் தூக்கும் வின்ச்சுக்கு முந்தின நாள்தான் புது வார்ம் கியர் செய்து கொடுத்திருந்தாள். வார்ம் என்பது திருகாணி போல மரை சுற்றிய ஒரு தண்டு. தண்டு சுழன்றால் சக்கரத்தைப் பல் பல்லாகத் தள்ளும். சக்கரம் முட்டி மோதினாலும் தண்டைத் திருப்ப முடியாது. அதனால்தான் பாரம் தூக்குகிற இடமெல்லாம் அதை வைக்கிறார்கள். கைப்பிடியை விட்டாலும் பாரம் அப்படியே நிற்கும்.

ஆனால் அந்தப் பிடிமானம் ஒற்றை மரைக்குத்தான். சீக்கிரம் தூக்கவேண்டும் என்று கொட்டகை முதலாளி கேட்டாரென்று இவள் தண்டில் இரண்டு மரை சேர்த்துச் சுற்றி இரட்டை மரை போட்டாள். இரட்டை மரையில் சாய்வு கூடுவதால் பாரமே தண்டைத் திருப்பிவிடும், பிரேக் வேண்டும். அதைச் சொல்ல மறந்துபோனாள்.

புருஷனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகையில் இரும்புத் தொட்டி வின்ச் சங்கிலியில் தொங்க, அடியில் முட்டுக்கூடக் கொடுக்காமல் அவன் உட்கார்ந்திருந்தான்.

"வெளிய வாங்க. அந்த கியர் பாரத்தைப் பிடிச்சு நிக்காது."

"என் பொண்டாட்டி செஞ்சதாச்சே. காலையிலேர்ந்து அசையாம நிக்குது பாரு." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான்.

"நான்தாங்க தப்பா செஞ்சுட்டேன். லேசா அதிர்ந்தாப் போதும், இறங்கிடும்."

"ஒரு மூலைதான் பாக்கி. முடிச்சிட்டு வரேன்."

கெஞ்சினாள், திட்டினாள். அவன் மசியவில்லை. வெல்டிங் கசடைத் தட்டிவிடச் சுத்தியலை எடுத்தான். அவள் குனிந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எதுக்குடி இங்க வந்த?"

"அசையாம நிக்குதுன்னு சொன்னீங்களே. தட்டுங்க."

அவன் அப்போதுதான் நிமிர்ந்து மேலே பார்த்தான். சுத்தியலைப் போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

முதலாளி நீளக் கம்பியால் தொட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். வின்ச்சின் கைப்பிடி தானாகப் பின்னால் சுற்ற ஆரம்பித்தது. தொட்டி இறங்கி, இருவரும் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தது.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு பயமே இல்லையா?"

"பயந்துதாங்க உள்ள வந்தேன்."