பூட்டு விழுந்த பிறகு

என் நாலாவது பிள்ளை பிறந்தபோது நான் பிழைத்ததே பெரிசு. ஐம்பதுகளின் நடுவில், ராயபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இன்னொரு தடவை மாசமானால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். ஆகாமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

வழி காட்டியது பக்கத்து வீட்டு அக்காதான். மீன் விற்பவள், ஏழு பெற்றவள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறைக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஏதோ தரும சங்கம் நடத்திய கிளினிக் அது. புதன்கிழமைதோறும் ஒரு நர்சம்மா வந்து, கர்ப்பம் தரிக்காமலிருக்க உள்ளே வைத்துக்கொள்ளும் நுரை மாத்திரை கொடுத்து, உபயோகிக்கும் விதத்தையும் சொல்வாள். தெருப் பெண்கள் நாங்கள் சிலர் இடுப்பில் பிள்ளையோடுதான் போவோம். வழியில் யாராவது கேட்டால், "கொயந்தைக்கு இருமல்" என்போம். உள்ளே போனதும் வெட்கமும் சிரிப்புமாகக் கிடக்கும்.

கொஞ்ச காலம் நிம்மதியாகப் போனது. ஒரு புதன்கிழமை போனால் கதவில் பூட்டு. கூடையும் பிள்ளையுமாக வெயிலில் நின்றோம்.

"கதவப் பூட்டிட்டா நம்ம வயிறும் பூட்டிக்குமா? வாங்கடி" என்று அக்கா எங்களை நர்சம்மா வீட்டுக்கே அழைத்துப்போனாள்.

நர்சம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மருந்து சீமையிலேருந்து வந்தது. அனுப்புனவங்க நிறுத்திட்டாங்க. வாடகையும் இல்ல. நான் என்னம்மா செய்வேன்?"

"எடத்துக்கு என் வூடு கீது. நீ வர்றியா, அத்தச் சொல்லு" என்றாள் அக்கா.

நர்சம்மா யோசித்தாள். "வர்றேன். ஆனா இங்க கடையில எப்பவும் கிடைக்கிறது ஆம்பளைங்க போடுற உறைதான். இனிமே உங்க வீட்டுக்காரங்களும் வரணும்."

அதுவரை வாயோயாத அக்காகூடத் தரையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "இன்னாமே பேசற? மானத்த வாங்காத" என்று வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. சில நாள் கழித்து ஒரு காலை, சட்டை மாட்டிக்கொண்டே, "இன்னா கெழமைன்னு சொன்னே?" என்றார். "நீ அந்த ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்தது கண்ணுலயே நிக்குது."

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். நர்சம்மா விளக்கி முடிக்கும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, "கிரேன் ஓட்டுறது இத்தவிட சுளுவு" என்றார். அடுத்த வாரம் தன் தோஸ்து ஒருவரையும் இழுத்துவந்தார். அதற்குப் பிறகு அக்கா வீட்டுப் பின்வாசல் பக்கம் ஆண்களின் செருப்புகளும் கிடக்க ஆரம்பித்தன.

சில வருஷம் அப்படியே நடந்தது. பிறகு கார்ப்பரேஷன் பிரசவ ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனி அறை ஒதுக்கி, நர்சம்மாவையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஐந்தாவது பிள்ளை இல்லை. அக்கா மட்டும், நர்சம்மா வந்து உட்கார்ந்த தன் முன்னறையை வாடகைக்கு விடவேயில்லை. "அந்த ஆஸ்பத்திரி ரூமையும் ஒரு நாள் மூடிட்டா?" என்பாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சுத்தம், ஒழுங்கு. ஆனால் அங்கே சத்தமாகச் சிரிக்க முடியாது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் காரியமில்லாமலே அக்கா வீட்டில் கூடுவோம். டூட்டி முடிந்து நர்சம்மாவும் வருவாள். அக்கா இறால் வறுத்துத் தட்டில் கொட்டுவாள். ஆறுவதற்குள் தீர்ந்துவிடும்.