டீசலை வடித்த வருஷம்

என் வீட்டுக்காரர் தங்க வயலில் விளக்கு ரூமில் இருந்தார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் தலையில் மாட்டும் விளக்குகளின் பேட்டரியைப் பராமரிப்பது அவர் வேலை. அறுபதுகளின் கடைசியில் அவரும் என் தம்பியும் ஒரு பழைய சின்ன டீசல் டிராக்டரை வாங்கினார்கள். ஆண்டர்சன்பேட்டைக்கு வெளியே தம்பி குத்தகைக்கு எடுத்த கேழ்வரகு நிலத்துக்காகத்தான். ஒரு வருஷம் விதைக்காமல் விட்டாலும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக நிலத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

தையில் களத்து வேலை முடிந்ததும், அடுத்த மழைவரை நிறுத்திவைக்க வண்டி எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு வந்தது. பேட்டரிக்கு நடந்த உபசாரம் என் பிரசவத்துக்குக்கூட நடக்கவில்லை. கழற்றிப் பலகைமேல் வைத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனைகளில் வாசலின் தடவி, மாதம் தவறாமல் சார்ஜ். டேங்கையும் கழுத்துவரை நிரப்பப் போனார்.

"காலியா உட்டா உள்ள வேர்த்து, தண்ணி நின்னு துரு புடிக்கும்" என்றார்.

என் அப்பா சுரங்கத் தீயின் புகையில் செத்தவர். பிள்ளைகள் படுக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் டேங்க் நிறைய டீசலா?

"இன்னாங்க, புத்தி கித்தி இருக்குதா? சொட்டு இல்லாம வடிங்க. இல்லாட்டி புள்ளைங்கள இட்டுக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன்."

அன்றைக்கே வடித்தார்.

முதல் மழை பெய்தது. டேங்க் அடியில் நின்ற தண்ணீரை வெளியேற்றிப் புது டீசல் ஊற்றியும் இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. ஃபில்டரைத் திறந்தால் அடை அடையாகத் துரு. கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. நிலத்தில் ஈரம் மூன்று நாள்தான் நிற்கும்.

"பேட்டரிய மட்டும் கொஞ்சினு இருந்தீங்களே மாமா, டேங்க மறந்துட்டீங்களே. நெலம் போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றான் தம்பி. அழுகிற குரல்.

"ஆமாம்பா, மறந்துட்டேன்" என்றார் அவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஓயாத என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஏர் மாடு பிடித்துப் பாதி நிலம் விதைத்தோம். அதைப் பார்த்து நிலத்துக்காரர் இன்னொரு வருஷம் விட்டார்.

அடுத்த தையில் தம்பியைக் கூப்பிட்டேன். "போன வருஷம் வடிக்கச் சொன்னது நான்தான்டா. உங்க மாமா எதையும் மறக்கல" என்று சொல்லிவிட்டு, புனலை வைத்து நானே கழுத்துவரை ஊற்றினேன். மூடியைத் திருகிவிட்டுத் திரும்பினால், பிள்ளைகள் படுக்கிற சுவரோரம் பெட்ரோல் பங்கில் வைப்பதுபோல் நாலு வாளி மணல் இருந்தது. நான் கேட்கவில்லை. அவராகவே கொண்டுவந்து வைத்திருந்தார்.