குரூஸ் பிடிக்காத செவ்வாய்க்கிழமை

என் தங்கை சுலைமாவின் கணவர் மத்தருக்கு வலது முட்டி மடங்காது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பால் கறக்கப் போனபோது ஒட்டகம் விட்ட உதை. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் வாரம் மூன்று நாள் எங்கள் பாலைவன ஊரான காபாவிலிருந்து நிஸ்வா ஆஸ்பத்திரி வரை வண்டி ஓட்டுகிறார். நூற்றெண்பது கிலோமீட்டர் இருக்கும். சுலைமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ். எனக்குக் கண்ணில் புரை விழுந்து லைசென்ஸ் போய்விட்டதால், பேச்சுத்துணைக்குப் பின்சீட்டில் நான்.

வண்டி இருபத்தெட்டு வயசான போர்வீல் ஜீப். அதில் குரூஸ் கண்ட்ரோல் இருப்பதால்தான் மத்தரால் ஓட்ட முடிகிறது. ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் குச்சியை ஒரு தட்டு தட்டினால் வண்டி நூறிலேயே போகும், காலை எடுத்துவிடலாம். ஆனால் இந்தக் காலத்து வண்டிகளுக்கு இருக்கும் புத்தி அதற்குக் கிடையாது. மேடு வந்தால் சோம்பேறி மாதிரி வேகத்தை விட்டுக்கொண்டே வரும். பிறகு திடுக்கிட்டு விழித்தது போல கியரை இறக்கிப் பாயும். இறக்கத்தில் பிடிக்கவே பிடிக்காது, தன்பாட்டுக்கு நூற்றிருபதைத் தொடும்.

சிகிச்சை முடிந்து தலை சுற்றிக் கிடப்பவளுக்கு அந்தக் குலுக்கல் ஆகாது. அதனால் வழியில் ஆதம் ஊர்ப் பக்கத்து மேடுகள் ஒவ்வொன்றுக்கும் முன்பே மத்தர் குரூஸை விடுவித்துவிட்டு, அந்தக் காலாலேயே மிதித்து ஏற்றுவார். சமதளம் வந்ததும் மறுபடி தட்டுவார். எந்த மேட்டில் அது எப்போது சண்டித்தனம் செய்யும் என்பது அவருக்கு அத்துப்படி. மிதிக்கும்போது பல்லைக் கடிப்பார், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.

நிஸ்வாவில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் கல்ஃபானுக்கு இது பிடிக்கவில்லை. "வாப்பா, ஒரு நாள் லேட்டாச்சுன்னா சாவிய என்கிட்ட குடுத்துரணும். நான் டிரைவர் போட்டுக்கறேன்" என்றான். மத்தர் சரி என்றுவிட்டார். சொன்ன சொல்லை மாற்றத் தெரியாத மனிதர், அதுதான் தொல்லை.

நவம்பரில் தேசிய நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது அலங்காரம் செய்யாத வண்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சிகிச்சை முடிந்து திரும்பிய வண்டியை மறுநாள் கல்ஃபானே வந்து கழுவி, கொடி ஒட்டி, பிரேக் விளக்குகளில் பளபளவென்று எல்இடி பல்புகளும் மாட்டிவிட்டு நிஸ்வாவுக்குத் திரும்பினான்.

செவ்வாய்க்கிழமை காலை குரூஸ் பிடிக்கவில்லை. மத்தர் தட்டித் தட்டிப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டர் மிதித்தே ஓட்டியதில் தொடை நடுங்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, குழாய், கேபிள் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது.

"கிழட்டு வண்டி மச்சான், உங்களுக்கு முந்தி செத்துப்போச்சு" என்றேன்.

"வாய மூடிட்டு பிரேக்க மிதிங்க" என்றார் அவர், பின்னால் போய் நின்றுகொண்டு.

முன்சீட்டுக்கு வந்து மிதித்தேன். அவர் குனிந்து விளக்கைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பிரேக் பல்பு போயிருந்தா இந்த வண்டி குரூஸ் பிடிக்காது. இந்தப் புது பல்பு எரியுது, ஆனா கரண்டு ரொம்பக் கொஞ்சந்தான் இழுக்குது. பல்பு போயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்துருக்கு."

ரிவர்ஸ் விளக்கில் இருந்த பழைய பல்புகள் இரண்டையும் கழற்றிப் பிரேக் விளக்கில் போட்டார். கிளம்பி ஒரு தட்டு தட்டியதும் பிடித்துக்கொண்டது. எந்த மெக்கானிக் பள்ளிக்கூடத்திலும் படிக்காத மனுஷன் இவர். எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. படுக்கையில் வேறொருவர். சுலைமாவுக்கு இனி மதியம்தான் என்றாள் நர்ஸ். கல்ஃபான் அங்கே நின்றிருந்தான். சாவிக்காகக் கையை நீட்டினான்.

"டேய், நீ மாட்டின பல்பு..." என்று நான் தொடங்கினேன். மத்தர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். சாவியை எடுத்து மகன் கையில் வைத்தார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த சுலைமா கண்ணைத் திறந்தாள். "சாவிய வச்சுக்கோ. ஆனா வியாழக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போக யாரையும் அனுப்பாத. உங்க வாப்பா ஓட்டாத வண்டியில நான் ஏறமாட்டேன்."

"உம்மா, ஒரு தடவை வராம இருந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். உனக்கும் தெரியும்."

கல்ஃபான் சாவியைத் தகப்பனின் அங்கிப் பையில் போட்டான்.