எறும்பு ஏறாத மேசை

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் எறும்பு ஏறாத மேசை ஒன்று இருந்தது. அது அப்பாவின் யோசனை. பொருள் அம்மாவுடையது.

விருத்தாசலத்தில் ஒரு வாடகை ஷெட்டில் அப்பா பியூஸ் கட்டை போட்டார். மீட்டர் பக்கத்தில் இருக்குமே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைதான். அப்பா அச்சில் அழுத்தித் தருவார், அம்மா பிசிறு தேய்ப்பாள். கடலூர் வியாபாரி மொத்தமாக எடுத்துப் போவார். வேறு எதையும் செய்து பார்க்க அப்பாவுக்குத் தோன்றியதே இல்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. மீந்த பீங்கான் களிமண்ணில் டீ கப்பு செய்து, கட்டைகளோடு சூளையில் வைத்தாள். கைப்பிடியெல்லாம் தனியாகக் கழன்று வந்தது. அப்பா அதில் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்தோம், அம்மாவும்தான். பிறகு அவள் ஒட்டும் இடத்தைக் கீறி, கூழாகக் கரைத்த களிமண்ணைத் தடவி ஒட்டினாள். கைப்பிடி முந்திக் காய்ந்துவிடாமல் ஈரத்துணி சுற்றி வைத்தாள். அடுத்த சூளையில் நான்கு கப்பு கைப்பிடியோடு வந்தன.

"ஏங்க, யாவாரி வந்தா இத ஒரு தரம் காட்டுங்களேன்."

"கரண்டு இருக்குற வரைக்கும் பியூஸ் கட்ட ஓடும். நீ என்னாத்துக்குக் கப்பு, சாசருன்னு அலையிற?"

"ஓடட்டுங்க. இதுவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்."

அப்பா கோபப்படவில்லை. கப்புகளை வீட்டுக்கு எடுத்து வந்து, சமையல் சாமான் மேசையின் கால்களுக்கு அடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். நடக்கையில் கைப்பிடி காலில் இடித்தது. சுத்தியலால் நான்கு கைப்பிடியையும் தட்டி உடைத்துவிட்டார்.

"இப்பதான் உருப்படியா ஒண்ணு ஆச்சு" என்றார்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு இல்லை. எனக்கு அதுவே பெரிய அதிசயம்.

வியாபாரி வந்தார், கட்டைகளை எடுத்துக்கொண்டு போனார். அம்மா அதன்பிறகு எதையும் செய்து பார்க்கவில்லை.

நான் ஐந்தாவது முடித்த வருஷம் வியாபாரி வருவது நின்றது. வீடுகளுக்கு வேறு மாதிரி சுவிட்சு வந்துவிட்டதாம். அப்பா கொஞ்ச காலம் யாரும் கேட்காத கட்டையையே போட்டுப் போட்டு அடுக்கினார். பிறகு ஷெட்டைக் காலி செய்தோம். என் ஸ்கூலும் அதோடு சரி.

இன்று நான் வேறொருவர் ஷெட்டில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிறேன். கூலி வேலை. அம்மா கீறிய மாதிரியேதான் கீறுகிறேன்.

அந்த நாட்களில் சாயங்காலமானால் கப்புகளில் தண்ணீர் ஊற்ற அம்மா மேசையடியில் குனிவாள். குனிந்தவள் சட்டென்று எழமாட்டாள். பாவம், இடுப்பு வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.