கமலா நடக்கப் பழகியது

துணி மாற்றும்போதுதான் கவனித்தேன். என் குழந்தை கமலாவின் வலது தொடை தானாக விரிந்தது. இடது தொடை பாதியில் நின்றது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. நான் பிறந்ததிலிருந்தே இடது காலை விந்தி நடப்பவள்.

ஆம்பூரில் தோல் மண்டியில் என் கணவருக்கு வேலை. அவருடைய அக்கா எங்களோடு இருந்தார். "கால்ல இன்னா இருக்குது, கொழுகொழுன்னுதான இருக்குது" என்றார். அவர் சொன்னதைக் கேட்காமல், கணவரை அழைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த லேடி டாக்டர் கமலாவின் முழங்கால்களை மடக்கி, மெல்ல விரித்துப் பார்த்தார். பிறகு என்னை நடந்து காட்டச் சொன்னார்.

"உங்களுக்கு இருக்கறதுதான் இவளுக்கும். ஆனா ரொம்பக் கம்மி. எலும்பு இளசா இருக்கும்போதே கட்டினா சரியாப் போயிடும்."

எனக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் குழந்தையின் துணியைச் சரிசெய்தார்.

இடுப்புக்குழி (தொடையெலும்பின் தலை உட்காரும் பள்ளம்) ஆழம் குறைவாம். தொடைகளுக்கு நடுவே பஞ்சுத் தலையணை வைத்து, கால்களைத் தவளைபோல் அகற்றிக் கட்டினார்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தாள். யாராவது வீட்டுக்கு வந்தால் நாத்தனார் அவள்மேல் புடவையைப் போர்த்துவார். உங்கள் குழந்தைக்கும் இப்படி என்றால் நனைந்தால் மாற்றிக் கட்ட இரண்டு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் சீக்கிரம் உலராது. கால்களைச் சேர்த்து இறுக்கிச் சுற்றாதீர்கள். அழுகிறாளே என்று கட்டை அவிழ்க்காதீர்கள்.

மூட்டு பொருந்திவிட்டது என்று சொல்லிக் கட்டைப் பிரித்தார்கள். ஒரு வயது தாண்டி நடக்கத் தொடங்கினாள். ஒவ்வோர் அடிக்கும் இடப்பக்கம் சாய்ந்தாள்.

மறுபடி வேலூருக்கு ஓடினோம். டாக்டர் நெடுநேரம் சோதித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "மூட்டு நல்லாத்தான் இருக்குது. வீட்டுல யாரப் பாத்து நடக்கறா?"

கணவர் தரையைப் பார்த்தார். காட்பாடியில் ரயிலேறி ஆம்பூர் வந்ததும் டாக்டர் கேட்டதைத் தன் அக்காவிடம் சொன்னார்.

மறுநாள் நாத்தனார் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"நீ உக்காந்துக்கோ. அது முன்னாடி நடக்காத. கொஞ்ச நாள்தான்."

நானும் சரி என்றேன். கமலாவைத் தூக்குவதற்குக்கூட எழுந்திருக்கவில்லை. அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு வழியில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் நடை நேராகிவிட்டது.

இப்போது தெருமுனைவரை ஓடுகிறாள். இனி நீ எழுந்து நடக்கலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவள் விழித்திருக்கும் பொழுது எனக்கு உட்கார்ந்திருக்கும் பொழுது. அவள் தூங்கியதும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போகிறேன். முன்பெல்லாம் நான் விந்தி நடக்கும் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை.